மூன்று விரல் வெட்டிய கிளவுஸ்

எங்கள் டேபிளில் கிளவுஸை யாரும் முழுசாகப் போடுவதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியையும் கத்தரித்துவிட்டுத்தான் கையில் மாட்டுவோம். இந்தப் பழக்கத்தை அங்கே தொடங்கி வைத்தது நான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் அதைச் சொல்லவில்லை.

ஒரகடத்தில் காருக்குள்ளே பொருத்துகிற பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்து சேர்ந்தேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு திரவத்தில் நனைத்த துணியால் துடைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அந்தத் திரவத்துக்கு லைனில் பெயர் ‘சொல்யூஷன்’. துடைத்தபின் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். கடுகில் பாதி அளவு தூசி இருந்தாலும் பெயிண்டுக்கு அடியில் பரு மாதிரி எழும்பி நிற்கும், பாகம் ரிஜெக்ட். கிளவுஸ் போட்ட விரலுக்குத் தூசி தெரியாது. சேர்ந்த இரண்டாம் வருஷம் அதிக ரிஜெக்ட் என்னுடையதுதான். தினமும் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் என்னை நிற்க வைத்துக் கேட்பார். ஒருநாள் எரிச்சலில் டேப் வெட்டுகிற கத்தரியை எடுத்து மூன்று விரலையும் நறுக்கிவிட்டேன். அன்றைக்கு ஒரு ரிஜெக்ட்கூட இல்லை.

சூப்பர்வைசர் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மாதத்தில் டேபிள் முழுக்க அப்படித்தான். புதிதாக வருகிற பிள்ளைகளை என்னிடம் விட்டார்கள். “மூணு விரல் போதும், சுண்டுவிரலுக்கு ஒண்ணும் தெரியாது” என்று நானே வெட்டிக் கொடுப்பேன். சிறந்த ஆபரேட்டர் என்று கேன்டீன் வாசலில் என் போட்டோவை மாட்டினார்கள். அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினேன். அப்பா அதை மளிகைக் கடைக்காரர் வரைக்கும் காட்டியிருக்கிறார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கல்யாணம் ஆகி ஆறு வருஷம். கணவர் வாலாஜாபாத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், டயர் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போன இடத்தில் பழக்கம். முதல் இரண்டு வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் மாமியார் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். நான்காம் வருஷம் என்னை அழைத்துக்கொண்டு நடந்தும் வந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் ஒவ்வொரு மாதமும் அவர் என் முகத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க முடியாமல்தான் ஷிப்ட் முடிந்த பிறகும் ஓ.டி. பார்க்க ஆரம்பித்தேன். மாதவிடாய் ஒழுங்காக வராது. நாற்பது நாள், ஐம்பது நாள் தள்ளிப் போகும். ஒவ்வொரு முறையும் நம்பி, ஏமாந்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுவேன்.

முதலில் பார்த்த டாக்டர் என்னை மட்டும்தான் பார்த்தார். ரத்தம், ஸ்கேன், மாத்திரை எல்லாம் எனக்கு. கூட வந்த மனிதர் வராந்தாவில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை இல்லையென்றால் பெண்ணைத்தான் சோதிக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ. இரண்டு வருஷம் அப்படி வீணாகப் போனது. பிறகு மறைமலை நகரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டார், அதுவரை யாரும் கேட்காதது.

“என்ன வேலை செய்றீங்க?”

“கம்பெனியில மேடம்.”

“கம்பெனியில என்ன? கையால என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க.”

அவருடைய மேசையையே பாகமாக நினைத்துத் துடைத்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிளவுஸ் போடுவீங்களா?”

“போடுவேன் மேடம்” என்றேன்.

பொய் இல்லை. போடுவேன்தான். மூன்று விரலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். சொன்னால் ‘நீயே பண்ணிக்கிட்டதா’ என்று ஒரு பார்வை வரும். அது வாலாஜாபாத்துக்குப் போகும், ஊருக்குப் போகும். அந்த ஒரு நிமிஷத்தில் இவ்வளவும் மனதில் ஓடிவிட்டது. டாக்டர் குறித்துக்கொண்டார்.

பரிசோதனை முடிவு வந்தது. என் வயதுக்கு இருக்க வேண்டிய கருமுட்டை இருப்பு எனக்கு இல்லை என்றார். கணவருக்கும் எடுத்தார்கள், விந்தணு கொஞ்சம் குறைவு, பயப்படும்படி இல்லை. அப்போதுதான் ஹார்மோனைப் பற்றிச் சொன்னார். உடம்பு தனக்குள்ளேயே தகவல் சொல்லி அனுப்புகிற ஆட்கள்தான் ஹார்மோன்களாம். சில ரசாயனங்கள் அந்த ஆட்களைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே போய்த் தப்பான தகவலைச் சொல்லிவிடும், அல்லது சரியான ஆளை வாசலிலேயே நிறுத்திவிடும். பிளாஸ்டிக்கை வளைகிற மாதிரி ஆக்கச் சேர்ப்பது, பூச்சிமருந்து, கரைப்பான்களில் சில, இப்படி நிறைய இருக்கிறதாம்.

“அப்ப எனக்கு இதனாலதானா மேடம்?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே குறைவா இருக்கும். ஒரே ஒருத்தரை வெச்சு இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. நீங்க கிளவுஸ் போடுறீங்க, அதனால கைவழியா அவ்வளவா போயிருக்காதுன்னு நினைக்கிறேன். தெரியலை.”

எனக்குக் கோபம் வந்தது. சுவர் நிறைய பட்டத்தை மாட்டிக்கொண்டு ‘தெரியலை’ என்கிறாரே என்று பைக்கில் வரும்போது கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சிங்கப்பெருமாள் கோவில் திருப்பத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, “எனுக்கும் ஒண்ணும் புரியல. கீதுன்றாங்க, இல்லன்றாங்க. ரெண்டுல ஒண்ண சொல்லக் கூடாதா” என்றார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என்னைவிட அவர் குழம்பிப் போயிருந்தார்.

டாக்டர் அந்தத் திரவத்தின் பெயரைக் கேட்டு வரச் சொல்லியிருந்தார். அது பெரிய வேலையாகிவிட்டது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். “ஆஸ்பத்திரில ஊசி போடறதுக்கு முன்னாடி பஞ்சுல தடவுவாங்கல்ல, அதாம்மா இது” என்றார். ஸ்டோரில் இருந்தவர், “அது போன வருஷம். இப்ப வர்றது தின்னர் கலந்தது” என்றார். கேனில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு மட்டும் இருந்தது. கடைசியில் ஸ்டோர் பீரோவின் பக்கவாட்டில் எண்ணெய்க் கறை படிந்து ஒட்டியிருந்த, அந்தத் திரவத்தைப் பற்றிய தாளைக் கண்டுபிடித்தேன். எல்லாம் ஆங்கிலம். படமெடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்து ஒரு வரியைத் தமிழில் சொன்னார்: கருவுறும் திறனையோ கருவிலிருக்கும் குழந்தையையோ பாதிக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது.

சந்தேகப்படுவது யார்? பதினொரு வருஷமாகத் துடைக்கிற என்னிடம் அந்தச் சந்தேகத்தை ஏன் யாரும் சொல்லவில்லை? இதையெல்லாம் கேட்க நினைத்தேன். ஆனால் கேட்டது வேறு. “இப்பவாவது சொல்லுங்க மேடம், இதுதானா?” அவர் என் ஃபைலைப் புரட்டினார். “கிளவுஸ் போடாதவங்களா இருந்தா எனக்கு இன்னும் சந்தேகம் வந்திருக்கும்” என்றார். கையை மடியில் வைத்து மூடிக்கொண்டேன். எதற்கும் ஆறு மாதம் வேறு இடத்துக்கு மாற்றிக் கேளுங்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் பண்ணிய ரகளை கொஞ்சநஞ்சமல்ல. பிளாஸ்டிக் டப்பாக்களையெல்லாம் சாக்கில் கட்டிப் போட்டேன். கணவர் டீக்கடையிலிருந்து சூடான டீயை பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு வருவார். அதை வாசலிலேயே ஊற்றச் சொன்னேன். சாம்பார் பார்சலுக்குத் தூக்குவாளி. தண்ணீர் கேன் கடையில் நாள் பூராவும் வெயிலில் கிடப்பதைப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்தினேன். அப்புறம் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சும்போது, இந்தக் குழாயே பிளாஸ்டிக்தானே என்று தோன்றியது. பவுடரை விட்டேன், நெயில் பாலீஷை விட்டேன். போன் வீடியோவில் ஒரு அம்மா சோயா சாப்பிடு என்றார், இன்னொருவர் தொடவே தொடாதே என்றார். பிளாஸ்டிக் இல்லாத வீடு வேண்டுமென்றால் நானும் அவரும் நான்கு சுவரும்தான் மிஞ்சுவோம்; அந்தச் சுவரிலும் பெயிண்ட் இருக்கிறது.

கணவர் தன் பங்குக்குப் போனை பேன்ட் பாக்கெட்டில் வைப்பதை நிறுத்திவிட்டு கையிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தார். மாமியார் வந்து சாக்கைப் பார்த்தார்.

“இன்னா கண்ணு, வூட்ட காலி பண்றீங்களா?”

“டாக்டர் இதெல்லாம் ஆகாதுன்னு சொன்னாங்க அத்தை.”

“நான் கழனில மருந்து அட்ச்சிக்கினே நாலு பெத்தேன். இந்த டப்பாவா உனுக்கு ஆகல?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. இரண்டு டப்பாவை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் எனக்குத் தெரியும். டப்பாவை வீசுவது சுலபம். கிளவுஸைப் பற்றி வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

கம்பெனியில் கொஞ்சம் திறந்து பார்த்தேன். டேபிளில் எனக்கு எதிரே நிற்பவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, நான் கிளவுஸ் வெட்டிக் கொடுத்த முதல் பிள்ளை. எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஏழு வயது. என்னை ‘பெரிம்மா’ என்பாள், வந்தால் என் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

“ஏட்டி, இனி கிளவுஸை வெட்ட வேண்டாம். புதுப் பிள்ளைகளுக்கும் சொல்லு” என்றேன்.

“எதுக்கு?”

சொன்னேன். பாதிதான் சொன்னேன். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

“நானுந்தான் ஒம்பது வருசமா வெட்டிப் போடுதேன். எனக்கு ரெண்டு இருக்கு. உனக்கு இல்லன்னா அதுக்குக் கிளவுஸ் என்ன பண்ணும்?”

சுருக்கென்றது. அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை, மனதில் தோன்றியதைச் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது. அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதே மேசை, அதே துணி, அதே மூன்று விரல். ஒருத்திக்கு இரண்டு, ஒருத்திக்கு ஒன்றுமில்லை, மூன்றாவது நிற்பவளுக்கு இரண்டு முறை கலைந்தது, நான்காவது நிற்பவள் கல்யாணமே வேண்டாமென்கிறாள். இதில் எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது? இருந்தாலும் நான் கேட்டுக்கொண்டதற்காக மூன்று நாள் முழு கிளவுஸ் போட்டுப் பார்த்தோம். ரிஜெக்ட் கூடியது. நான்காம் நாள் காலை மீட்டிங் முடிந்ததும் எல்லோரும் கத்தரியைத் தேடினார்கள். நான் தடுக்கவில்லை.

டாக்டர் கடிதத்தைக் காட்டி நான் மட்டும் தப்பித்துக்கொண்டேன். என்னை, பெட்டி கட்டி வெளியே அனுப்புகிற டிஸ்பாட்சுக்கு மாற்றினார்கள். பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் உரித்து ஒட்டுகிற வேலை. வாசனை இல்லை, ஈரம் இல்லை. நிம்மதியாக இரண்டு மாதம் ஒட்டினேன். அடுத்தமுறை போனபோது டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். “மை இல்லாம சூட்டுலயே அச்சாகுற பேப்பரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதில் பலவற்றின் மேல்பூச்சிலும் இப்படியொரு ரசாயனம் இருக்கும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கணவர் மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

போன மாதம் ஒருநாள் டீ பிரேக்கில் தூத்துக்குடிக்காரி டிஸ்பாட்சுக்கு வந்தாள். என்னை அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

“யக்கா, மூத்தவ டீச்சரு கூப்பிட்டு விட்டாங்க. பிள்ளை வயசுக்கு மீறி வளருதா, சீக்கிரமே பெரியவளாயிருவா போல, டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொல்லுதாங்க. ஏழு வயசுக்கா. இன்னும் பல்லே முழுசா விழல.”

டீயைப் பெட்டிமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“அவ வயித்துல இருக்கும்போது ஏழு மாசம் வரைக்கும் அந்த டேபிள்லதான் நின்னேன். அன்னைக்கு நீ சொன்னியே, அதனால இருக்குமா?”

உண்மையை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன். அவள் கேட்ட அந்த நொடியில் எனக்குள் ஒரு சின்ன ஆறுதல் எட்டிப் பார்த்தது. நான் மட்டும் இல்லை என்கிற ஆறுதல். அடுத்த நொடியே அந்தப் பிள்ளையின் முகம் வந்தது, முன்பல் இரண்டும் இல்லாமல் என் போனுக்குக் கை நீட்டுகிற முகம். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“தெரியலட்டி” என்றேன். டாக்டர் சொன்னபோது நான் எரிந்து விழுந்த அதே சொல். வேறு சொல் என்னிடம் இல்லை.

“உனக்குக் கிளவுஸ் வெட்டிக் குடுத்தது நான்தான்” என்றும் சொன்னேன். எப்படியோ வந்துவிட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அதை நான் கேக்கல. உன் டாக்டரு சின்னப் பிள்ளையையும் பாப்பாங்களான்னு கேக்கேன்” என்றாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். பிள்ளை எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வழிநெடுக என் போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் என்னைத் தெரிந்த நர்ஸ் பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “இவங்க பிள்ளை” என்று அவளைக் காட்டினேன். டாக்டர் பிள்ளையைப் பார்த்து முடித்ததும் நர்ஸோடு வெளியே அனுப்பிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். எலும்பு வளர்ச்சியைப் படம் எடுக்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும் என்று குழந்தைகள் டாக்டருக்குச் சீட்டு எழுதினார். பல காரணம் இருக்கலாம், சிலசமயம் காரணமே இல்லாமலும் வரும், நேரத்தோடு வந்தது நல்லது, நிறுத்தி வைக்க மருந்து இருக்கிறது என்றார். எழுதிக்கொண்டே அவளிடம் கேட்டார்.

“நீங்களும் அதே கம்பெனியா? வயித்துல இருக்கும்போதும் துடைக்கிற வேலைதானா? கிளவுஸ் போடுவீங்கல்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். போடுவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் என்று நினைக்கிறேன். அதைத்தான் நானும் சொல்லியிருந்தேன்.

“மூணு விரல் நுனியையும் வெட்டிட்டுப் போடுவோம் மேடம்” என்றேன் நான். “தூசி தெரியணும்னு. ஆரம்பிச்சு வெச்சது நான். நானும் அப்படித்தான் போட்டேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

டாக்டர் பேனாவை வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து என் ஃபைலை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் கிளவுஸைப் பற்றி எழுதியிருந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து அதை அடித்தார்.

“இப்பவும் இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது” என்றார். “ஆனா இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

“ஆமா மேடம்.”

“லைன்ல எத்தனை பேர் இப்படிப் போடுறாங்க?”

நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக நினைத்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஊருக்குத் திரும்பிப் போனவள், ஹோசூருக்கு மாறிப் போனவள், போன மாதம் சேர்ந்தவள். ஒரு கை முடிந்தது. இரண்டாவது கையும் முடிந்தது. நான் நிறுத்தினேன்.

அவள் தன் கையை எடுத்து மேசைமேல் வைத்து, நான் மறந்துபோயிருந்தவர்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.